மறுநாள் தண்ணீர் ஊற்றுகிறவர்

சென்னைக்குத் தெற்கே ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் 1980-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, ஊழியர் பட்டியலில் எங்கள் வரிசை கடைசியில் இருந்தது. தோட்டக்காரர், மைதானத்தில் கோடு போடும் மார்க்கர், வாட்டர்மேன், இரவுக் காவலர், பெருக்குபவர், தாவரவியல் துறைக்கு ஒரு ஹெர்பேரியம் கீப்பர். விழாவுக்கு நாற்காலி போடுவோம். அதில் உட்கார மாட்டோம். ஆண்டு மலரில் எங்கள் படம் வராது. இன்று அதே கல்லூரியின் ஆண்டு மலரில் பல பக்கங்கள் மரங்களுக்கென்றே ஒதுக்கப்படுகின்றன. சுற்றுச்சூழல் மன்றம் இருக்கிறது, பசுமை வளாகக் குழு இருக்கிறது, பசுமைத் தணிக்கை அறிக்கை இருக்கிறது, ஒவ்வொரு மரத்திலும் கியூஆர் கோடு போட்ட பலகை தொங்குகிறது. நிரந்தரத் தோட்டக்காரர் மட்டும் ஒருவர்கூட இல்லை. கடைசியாக இருந்தவன் நான். 2017-ல் ஓய்வு பெற்றேன். அந்த இடம் நிரப்பப்படவில்லை.

தோட்டக்காரர் என்று நியமன உத்தரவில் போட்டிருந்தாலும் வேலை தோட்டத்தோடு நிற்காது. விடியற்காலையில் கிணற்று மோட்டார் போடுவதில் தொடங்கும். பாத்தி கட்டுவது, களை எடுப்பது, வேலியோரச் சீமைக்கருவேலத்தை வெட்டுவது, பட்டமளிப்பு விழாவுக்குத் தொட்டிச் செடிகளை மேடைக்குத் தூக்கிப்போய் மறுநாள் நிழலுக்குத் திருப்பிக் கொண்டுவருவது. பாம்பு வந்தாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள், விடுதிச் சாக்கடை அடைத்தாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்களுக்கு மேலே ஒரு மேஸ்திரி இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வளாகத்தில் எந்த இடத்தில் எத்தனை அடியில் பாறை தட்டும், எந்த மூலையில் மழைத் தண்ணீர் இரண்டு நாள் நிற்கும் என்று தெரியும். புதிதாக வருகிற எல்லோருக்கும் அவர் முதலில் கற்றுக்கொடுப்பது தண்ணீர் ஊற்றுவதை. உச்சிவெயிலில் மரத்தடிக்குக் கூட்டிப்போய், கிளை நிழல் முடிகிற இடத்தில் குச்சியால் கோடு கிழிப்பார். "தம்பி, மரம் தண்ணி குடிக்கிறது இங்க. அடித்தண்டுல ஊத்துனா பட்டை அழுவிப் போவும். வேரு வெளிய தேடிப் போவுது, நீயும் அங்க போயி ஊத்து" என்பார். அந்தக் கோட்டின்மேல் அரையடி ஆழத்துக்கு வட்டமாக வாய்க்கால் எடுப்போம். அதில் காய்ந்த இலையை நிரப்பி, அதன்மேல் ஓஸ் பைப்பைப் போடுவோம். மண் குடிக்கிற வேகத்துக்கு மேல் விடக்கூடாது. தண்ணீர் தேங்கி நுரை கட்டினால் பைப்பை அடுத்த மரத்துக்கு மாற்றிவிட வேண்டும். கன்றுகளுக்கும் அப்படித்தான்: தினமும் நனைத்துவிட்டுப் போனால் வேர் மேலேயே சுற்றிக்கொள்ளும், விட்டு விட்டு நிறைய ஊற்றினால் ஈரத்தைத் தேடி ஆழத்துக்குப் போகும். மரம் வளர்ப்பது பற்றி அதன்பிறகு நான் படித்த எதுவும் இதற்கு மாறாகச் சொல்லவில்லை.

கன்று நடும் காலம் புரட்டாசி. அதற்கு முன்பே நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் குழி எடுத்துவிடுவார்கள். 1969-ல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய திட்டம் அது. எண்பதுகளில் எங்கள் கல்லூரியில் அதில் சேரப் போட்டி இருக்கும். இரண்டடிக்கு இரண்டடி குழி, மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் குவிப்பது, குழியைச் சில வாரம் வெயிலில் காயவிடுவது, பிறகு மேல்மண்ணோடு மக்கிய சாணம் கலந்து மூடுவது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மார்கழிவரை அந்தக் கன்றைப் பற்றிக் கவலையில்லை. கோடை வருவதற்குள் வேர் பிடித்திருக்கும். சென்னைப் பக்கத்தில் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர்வரைதான் கொட்டுகிறது. இங்கே மரம் நடுகிறவன் அந்த மூன்று மாதத்தைக் கணக்கில் வைத்துத்தான் நட வேண்டும்.

இப்போது ஜூன் 5-ல் நடுகிறார்கள். உலகச் சுற்றுச்சூழல் நாள். அக்கினி நட்சத்திரம் முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். மண் செங்கல் சூளையாகக் கிடக்கும். சிறப்பு விருந்தினர் வருவார். மண்வெட்டிக்கு ரிப்பன் கட்டியிருப்பார்கள். அவர் ஒரு பிடி மண் தள்ளுவார், பூவாளியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார், படம் எடுப்பார்கள். அந்தப் படத்தில் இடமும் நேரமும் பதிவாகியிருக்க வேண்டும் என்பது விதி, ஏனென்றால் அது நாக் எனப்படும் தேசிய மதிப்பீட்டுக் குழுவுக்கான கோப்பில் சேர வேண்டும். நாக் அமைப்பின் ஏழாவது அளவுகோலில் பசுமை வளாக முயற்சிகளுக்கும் மதிப்பெண் உண்டு. ஒரு கல்லூரி தன் மரங்களைப் பற்றிக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று யாரோ நினைத்தார்களே, அது பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன். எங்கள் காலத்தில் யாரும் கேட்டதில்லை. ஆனால் கோப்பு கேட்பது நட்ட நாளின் படத்தை. ஜூன் 6 அன்று யார் தண்ணீர் ஊற்றினார்கள், ஆகஸ்டில் அந்தக் கன்று இருந்ததா என்பதற்கு அதில் இடமில்லை. இடம் வைத்திருந்தால் நடும் நாள் தானாகவே புரட்டாசிக்கு மாறியிருக்கும்.

மேஸ்திரி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைத் தாம்பரத்துக்குக் கூட்டிப்போனார், சென்னை கிறித்துவக் கல்லூரியின் மரங்களைப் பார்க்க. 1937-ல் அந்தக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து அங்கே இடம்பெயர்ந்தது, 365 ஏக்கர். அந்த வளாகத்தின் செடிகொடிகளைத் தேடித்தேடி வளர்த்தவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் பார்ன்ஸ், வேதியியல் பேராசிரியர். வகுப்பறையில் அமிலமும் காரமும் நடத்தியவர், வெளியே வந்தால் மரம். நாங்கள் போனபோது அவர் நினைவு மட்டும்தான் இருந்தது. ஒரே ஆள் பல ஆண்டு ஒரே நிலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதை அங்கே நான் கண்ணால் கண்டேன். இடையில் விட்டிருந்த புதர்க்காட்டைக் காட்டி மேஸ்திரி சொன்னார்: "வெட்டாம வுட்டது தெரியுதா? அதுவும் வேலைதான்."

மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜனவரியில் விளையாட்டு விழா. அதற்கு முன் புல்லைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, இரும்பு உருளையை ஆறு பேர் இழுப்போம். பிறகு மார்க்கரும் நானும் ஓடுபாதை போடுவோம். மையத்தில் ஓர் ஆணி. அதிலிருந்து வளைவுக்குக் கம்பி. கயிறு கூடாது. பனியில் நனைந்தாலும் வெயில் ஏறினாலும் அளவு மாறும், அரைவட்டத்தின் கடைசியில் கோடு நேர்ப்பாதையோடு சேராமல் நிற்கும். பாதை ஒவ்வொன்றும் 1.22 மீட்டர் அகலம். 400 மீட்டர் ஓட்டத்துக்கு இரண்டாவது பாதையில் நிற்பவனை 7.04 மீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும். மூன்றாவது பாதைக்கு 14.70. ஒரு முழுச் சுற்று ஓட்டத்துக்கு, மைதானம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், சிறியதாக இருந்தாலும், வளைவின் ஆரம் எதுவானாலும் இந்த முன்தூரம் மாறாது; பாதையின் அகலத்தைப் பொறுத்தது மட்டுமே. மார்க்கர் இதை மனப்பாடமாக வைத்திருந்தார். ஏன் மாறுவதில்லை என்று கணிதத் துறை ஆசிரியர் ஒருவர் மைதானத்துக்கே வந்து, மண்ணில் வட்டம் போட்டு எங்கள் இருவருக்கும் விளக்கினார். அன்று அவர் எங்களோடு குந்தி உட்கார்ந்து பேசிய அரைமணி நேரத்தை நான் மறக்கவில்லை. மார்க்கர் பதவியும் பிறகு நிரப்பப்படவில்லை. மைதானத்தில் பாதி கார் நிறுத்துமிடம் ஆகிவிட்டது, விளையாட்டு விழாவுக்கு வேறு இடத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள்.

புளியும் தென்னையும் அப்போது ஏலத்துக்குப் போகும். மகசூல் ஏலத்துக்காக ஒரு மரப் பதிவேடு இருந்தது. காய்க்கிற மரங்களுக்கு மட்டும் எண். வேம்புக்கு எண் கிடையாது. இப்போது நெஞ்சு உயரத்தில், தரையிலிருந்து 1.37 மீட்டரில், டேப் சுற்றி அளந்து ஒவ்வொரு மரத்திலும் எவ்வளவு கார்பன் சேர்ந்திருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். வேம்புக்கும் எண் வந்துவிட்டது. இதில் எனக்கு முழு மகிழ்ச்சி.

இலை விஷயத்தில் அந்த மகிழ்ச்சி இல்லை. மாசியில் வேம்பு கொட்டும். தூங்குமூஞ்சி மரமும் கொட்டும். நாங்கள் பின்பக்கம் நீளமாகக் குழி வெட்டி வைத்திருப்போம். ஒரு அடுக்கு இலை, மேலே சாணக் கரைசல், மேலே மண், மறுபடி இலை. மழைக்காலம் போய் அடுத்த கோடையில் தோண்டினால் கறுப்பாக, மழைவாசனையோடு மக்கு வரும். தொட்டிக்கும் பாத்திக்கும் அதுதான். ஓர் ஆண்டிலும் உரம் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், இலைதழையை எரிக்கக்கூடாது, சொந்த இடத்திலேயே தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்றன. நல்ல விதி, நாங்கள் செய்துவந்ததும் அதுதான். இப்போது காலையில் ஊதும் இயந்திரத்தால் இலையை ஒதுக்கி, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி, லாரியில் ஏற்றி வெளியே அனுப்புகிறார்கள். அதே வாசல் வழியாக மண்புழு உர மூட்டை விலைக்கு உள்ளே வருகிறது. இரண்டு லாரியும் ஒரே நேரத்தில் வாசலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். காவலர் இரண்டுக்கும் வெவ்வேறு நோட்டில் பதிவு போட்டுக்கொண்டிருந்தார்.

புல்தரையும் அப்படித்தான். பழைய மைதானத்தில் அருகம்புல். மே மாதம் மஞ்சளாகக் கிடக்கும், முதல் மழைக்குத் தானே எழுந்துவிடும். நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னால் இப்போது கொரியன் புல். கோடையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் கொடுத்தால்தான் அது பச்சையாக இருக்கும். ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். ஆக, ஓர் ஏக்கர் புல்லுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 20,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் என்றால் கிட்டத்தட்ட இரண்டு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது அந்தப் புல்லும் காய்ந்தது. சுற்றி நின்ற புங்கமும் வேம்பும் ஒரு சொட்டு ஊற்றாமல் நின்றன. புல் செத்த இடத்தில் ஒரு பகுதிக்கு பிளாஸ்டிக் புல் விரித்தார்கள். வேலியோரம் சீக்கிரம் பச்சை தெரிய வேண்டும் என்று கோனோகார்பஸ் வரிசை வந்தது. 2023-ல் குஜராத்தும் 2025-ல் தமிழ்நாடும் தடை செய்த மரம் அது. வெளியிலிருந்து வந்து, அழகுபடுத்தி, பில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் அதன் வேர் எங்கே போகும் என்று பார்க்க மறுபடி வர வேண்டியதில்லை.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல். அன்று பணியில் இருந்தேன். மதியத்துக்கு மேல் காற்று ஓய்ந்து, பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கத் தொடங்கியபோதுதான் பெரிய சேதம். சாலையின் இருமருங்கிலும் நின்ற மயில்கொன்றையும் பெருங்கொன்றையும் வரிசையாகச் சாய்ந்தன. தூங்குமூஞ்சி இரண்டாகப் பிளந்தது. மயில்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது, தூங்குமூஞ்சி அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்தது; வேகமாக வளர்ந்து நிழல் தரும் என்றுதான் ஊரெல்லாம் நட்டார்கள். பனையும் வேம்பும் பெரும்பாலும் நின்றன. ஆனால் எல்லாப் பழியையும் மரத்தின் சாதியின்மேல் போட எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை விழுந்து கிடந்த ஒவ்வொன்றின் வேர்ப்பக்கமும் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் நீண்ட வேர்கள் பிய்ந்து தொங்கின. சாலைப் பக்கம் வேரே இல்லை. கத்தியால் வெட்டிய மாதிரி தட்டையாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் கேபிள் புதைக்க அந்தப் பக்கமாகப் பள்ளம் எடுத்தார்கள். பிறகு அடித்தண்டுவரை பேவர் பிளாக் பாவினார்கள். மேஸ்திரி குச்சியால் கோடு கிழித்துக் காட்டிய அந்த வட்டம் முழுக்க சிமெண்டுக்கு அடியில் போனது. பள்ளம் எடுத்த ஒப்பந்தக்காரரிடம் வேரைத் தாண்டி இரண்டடி தள்ளி எடுங்கள் என்று கேட்டோம். வரைபடத்தில் உள்ளபடிதான் எடுக்க முடியும் என்றார். வரைபடத்தில் வேர் இல்லை.

விழுந்தவற்றில் பூவரசு மரங்களை மட்டும் காப்பாற்ற முடிந்தது. தலையைக் கழித்து, ஐந்தாறு பேர் சேர்ந்து கயிறு கட்டி நிமிர்த்தி, வெட்டுக்காயத்தில் சாணம் பூசி, முட்டுக் கொடுத்தோம். பூவரசு போத்து நட்டாலே பிழைக்கிற மரம். இன்றைக்கு நூலகத்துக்குப் பின்னால் அவை நன்றாகத் தழைத்திருக்கின்றன. கியூஆர் பலகையில் அவற்றின் தாவரவியல் பெயர் இருக்கிறது, தத்தெடுத்த மாணவர் குழுவின் பெயர் இருக்கிறது. புயலில் விழுந்து எழுந்தவை என்ற செய்தி இல்லை. சொல்ல வேண்டியவர்கள் யாரும் வேலையில் இல்லை.

இப்போது வேலை செய்கிறவர்கள் ஏஜென்சி ஆட்கள். நீலச் சீருடை, அடையாள அட்டை, ஒப்பந்தக் காலம் ஓர் ஆண்டு. அவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா இருக்கிறார். காட்டிலும் கழனியிலும் வளர்ந்தவர். காலை எட்டு மணிக்குள் தரை துப்புரவாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்து சூப்பர்வைசரின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். ஓர் இலை தெரிந்தாலும் கேள்வி வரும். அவர் படம் அனுப்பிய பிறகு, லாரிக்குப் போகும் பையில் பாதியை அவிழ்த்து, ஆய்வகத்துக்குப் பின்னால் உள்ள இளம் வேப்பமரங்களைச் சுற்றிப் பரப்புகிறார். எந்த இடத்தில் பரப்புகிறார் என்று பார்த்தேன். நிழல் முடிகிற இடத்தில். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன்.

"யார் சொல்லணும்யா? மரத்த அண்ணாந்து பாத்தாலே தெரியுதே. ஆனா அடுத்த வருசம் நான் இங்க இருப்பனான்னுதான் தெரியல" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது. போன ஒப்பந்தத்தில் இருந்த ஆட்கள், எந்த வால்வைத் திறந்தால் எந்தப் பக்கம் தண்ணீர் போகும் என்று கற்றுக்கொண்ட நேரத்தில் மாற்றப்பட்டார்கள். 1970-ல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஓர் இடத்தில் ஒப்பந்த முறையைத் தடை செய்யலாமா என்று அரசு முடிவெடுக்கும்போது அந்த வேலை ஆண்டு முழுதும் தொடர்ந்து நடப்பதா என்றும் பார்க்கச் சொன்னது. மரம் வளர்ப்பதைவிடத் தொடர்ச்சியான வேலை எது? மகிழம் பூக்கப் பல ஆண்டு ஆகும். அதைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஓர் ஆண்டு ஒப்பந்தம் என்றால் எப்படிப் பொருந்தும்? எனக்கு அந்த நிரந்தர வேலை கிடைத்தது. அதனால்தான் நட்ட கன்றின் நிழலில் நான் பணி ஓய்வு பெற முடிந்தது. அந்த அம்மாவுக்கும் அது கிடைக்க வேண்டும்.

ஆனியிலும் ஆடியிலும் வேப்பம்பழம் உதிரும். வேப்பங்கொட்டையைப் பத்திரப்படுத்தி வைக்க முடியாது, சில வாரத்திலேயே முளைப்புத் திறன் போய்விடும். சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, உடனே போட வேண்டும். நாற்றுப் பைக்கு அனுமதி கேட்டால் ஏஜென்சியைக் கேளுங்கள் என்கிறார்கள், ஏஜென்சி கல்லூரியைக் கேளுங்கள் என்கிறது. விடுதி சமையலறையில் பால் கவர் வாங்கி, அடியில் ஓட்டை போட்டு, பின்பக்க மக்கு மண்ணில் அந்த அம்மா கொட்டைகளைப் போட்டுவிட்டார். முளைத்திருக்கின்றன.

கல்லூரி முதல்வருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். ஏஜென்சி மாறினாலும் தோட்ட ஆட்களை மாற்றக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு சேர்க்க வேண்டும். நிழல் வட்டத்துக்குள் பேவர் பிளாக்கைப் பெயர்த்தெடுக்க வேண்டும். நடும் விழாவைப் புரட்டாசிக்கு மாற்ற வேண்டும், ஜூன் 5-ல் மாணவர்கள் குழி எடுக்கட்டும். காலியான தோட்டக்காரர் பணியிடத்தை நிரப்பக் கல்லூரிக் கல்வி இயக்ககத்துக்கு மறுபடி எழுத வேண்டும். திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நேரம் கொடுத்திருக்கிறார். காலையில் என்றால் அந்த அம்மாவுக்கு அரைநாள் கூலி போகும், அதனால் நான்தான் மதியம் கேட்டு வாங்கினேன். என்னோடு வரும்போது இரண்டு பால் கவர் கன்றைக் கையோடு எடுத்துவர அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். எங்கே நட இடம் தருவீர்கள் என்பதுதான் நாங்கள் முதல்வரிடம் முதலில் கேட்கப்போவது.